இலந்தைக் கொட்டையும் ஒற்றைக் குச்சியும்

"நீதான் ஊத்திக் குடுத்தனீ, அதை முதல்ல சொல்லு—"

"நான் குடுக்கேல்லை அண்ணை, ஐயாதான் தானே—"

"—ஒரு தேத்தண்ணி போடத் தெரியாத மனிசன், அவர் காய்ச்சினவராம்!"

"—காய்ச்சினவர்தான்! நான் பின்னேரம் வெளிக்கிட்டுப் போனாப் பிறகு—"

"பொய்! விடியத்தில இருந்து பொய்!"

"கதவு ஆவெண்டு கிடக்குது," என்று மூன்றாவது குரல் ஒன்று நடுவில் புகுந்தது. "குளிர் உள்ள வருது, சண்டை வெளியில போகுது. மூடட்டோ?"

கேட்டவன் கிரி. டக்சி ஓட்டுகிறவன். நாற்பது வயது தாண்டியும் வாய்க்கு மட்டும் வயது ஏறவில்லை. சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு அவன் பின்னால் வந்தவள் யோசெப்பின். காப்புறுதிக் கந்தோரில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் வேலையை விட்டு வந்தபின், சொந்தமாகத் துப்பறிகிறாள். கிரியின் டக்சிதான் அவளுடைய அலுவலகம். கிரியின் வாய் அந்த அலுவலகத்தின் வானொலி, நிறுத்த வழியில்லை.

பியர்பொன்ட்ஸில், பனி மூடிய ஒரு பங்களாவின் குசினி அது. சண்டை பிடித்தவர்களில் ஒருவன் கீர்த்திகன். கர்க்லாண்டில் வீடு, நல்ல உத்தியோகம், கையில் ஓயாமல் அதிரும் போன். யோசெப்பினை வரச்சொன்னது அவன்தான். மற்றவள் ஜெயமதி. திருகோணமலைப் பெண். இந்த வீட்டில் தனியாக இருக்கும் கீர்த்திகனின் அப்பா தியாகலிங்கத்தைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வருகிறவள்.

தியாகலிங்கம் இப்போது ஆஸ்பத்திரியில். முந்தாநாள் குசினியில் விழுந்து கிடந்தவரை ஜெயமதிதான் கண்டாள். உயிர் இருந்தது. இதயம்தான் தாளம் தப்பித் துடித்தது.

"உடம்பில பொட்டாசியம் அடியோட வத்திப்போச்சாம்," என்றான் கீர்த்திகன். "ஏதோ குடிச்சிருக்க வேணுமெண்டு டொக்டர் சொல்லுறார். சட்டியில பாருங்கோ, கறுப்பாய் ஒட்டிக் கிடக்குது. இவள் ஏதோ மருந்து வைச்சிருக்கிறாள்."

"அப்பா என்ன சொல்லுறார்?" என்று கேட்டாள் யோசெப்பின்.

"ஒண்டும் சொல்லுறாரில்லை. முழிப்புத்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறார். பயந்திட்டார்."

"வேற ஏதாவது வருத்தம்? குளிசை, மருந்து?"

"அப்பா ஒரு குளிசையும் போடாத மனிசன்."

"அண்ணை, அது—" என்று தொடங்கினாள் ஜெயமதி.

"நீ வாயை மூடு! அக்கா, எனக்கு ஆதாரம் வேணும். பின்னேரம் நான் பொலிஸுக்குப் போறன்."

ஜெயமதி குசினி மேசையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அகதி வழக்கு அடுத்த மாதம். பொலிஸ் என்று ஒரு சொல் அதில் விழுந்தால் போதும்.

"பின்னேரம் வரைக்கும் எனக்கு நேரம் தாங்கோ," என்றாள் யோசெப்பின். "அதுக்குள்ள ஆளைச் சொல்லுறன்."

கீர்த்திகனின் போன் அதிர்ந்தது. காதில் வைத்துக்கொண்டே காருக்குப் போய்விட்டான்.

வீடு சட்டென்று பெரிதாகிப்போனது. ஹீற்றர் மட்டும் டிக் டிக் என்றது.

யோசெப்பின் சருவச்சட்டியை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். விளிம்புக்குக் கிட்ட ஒரு கறை வளையம். அடியில், விரல் அகலத்துக்கு மேல், இன்னொன்று.

"இதென்ன, கிரி?"

"கழுவாத சட்டி."

"இவ்வளவு தண்ணி, இவ்வளவாய் வத்தியிருக்குது."

கிரி எட்டிப் பார்த்தான். "எட்டொன்று! எட்டுப் பங்கு தண்ணியை ஒரு பங்காய் வத்தவிடுறது. எங்கட அம்மா குடிநீர் காய்ச்சினால் இப்பிடித்தான். நாங்கள் வீட்டை விட்டு ஓடுவம்."

"ஐயாவின்ர அறை எது, ஜெயமதி?"

சின்ன அறை. கட்டில், சாய்கதிரை, மாலை போட்ட ஒரு படம். இந்திராதேவி, தியாகலிங்கத்தின் மனைவி. அவர் போய்ச் சேர்ந்து இரண்டு மாரிகாலம். படத்துக்கு முன்னால் பேனைகள் போடும் கோப்பை. அதற்குள் பேனைகளோடு பேனையாய் ஒரு மரக்குச்சி.

கிரி அதை உருவினான். "சைனீஸ் சாப்பிடுற குச்சி. ஆனால் ஒண்டுதான் இருக்குது. ஒரு குச்சியால ஆர் அக்கா சாப்பிடுறது? விவாகரத்தோ?"

"அடியைப் பார்."

அடி கறுத்திருந்தது. விரல் அகலத்துக்கு மேல், பேனாக்கத்தியால் கீறிய ஓர் அடையாளம். யோசெப்பின் குச்சியைச் சட்டிக்குள் நிறுத்தினாள். கீறல் அடி வளையத்தோடு பொருந்தி நின்றது.

"எட்டொன்றாய் வத்திட்டுதோ எண்டு குச்சி விட்டுப் பாத்திருக்கிறார். ஜெயமதி காய்ச்சியிருந்தால் குச்சி குசினியில கிடக்கும். கிழவரின்ர பேனைக் கோப்பைக்குள்ள என்ன வேலை?"

"தேத்தண்ணி போடத் தெரியாத மனிசன்," என்றான் கிரி, கீர்த்திகனின் குரலில். "மகனுக்கு முன்னால தெரியாது போல."

சாய்கதிரைக்குப் பக்கத்து யன்னல் விளிம்பில் கொட்டைகள் கிடந்தன. சின்னக் கொட்டைகள், ஒவ்வொன்றாய்ச் சப்பி, துடைத்து, வரிசையாக வைத்தவை. வேறு வேலையில்லாத ஒருவரின் வரிசை.

"பேரீச்சம்பழம்," என்றான் கிரி.

"பேரீச்சங்கொட்டைக்கு நடுவில பிளவு ஓடும். இது ரெண்டு முனையும் கூர்."

கிரி ஒன்றை எடுத்து உருட்டினான். "இலந்தை! அக்கா, இது இலந்தைக் கொட்டை! பள்ளிக்கூட வேலியால பாய்ஞ்சு பொறுக்கினது. இந்தப் பனிக்குள்ள இலந்தை எங்க காய்க்குது?"

யன்னலுக்கு வெளியே, பனியின் மேல் ஒரு தகர மூடி. அதில் வெந்து ஊதிய கோதுமை. குருவிகள் சண்டை போட்டுத் தின்றுகொண்டிருந்தன. உள்ளே, கொட்டைகளுக்குப் பக்கத்தில், பழுப்புக் கடதாசிப் பை ஒன்று நாலாய் மடித்து வைக்கப்பட்டிருந்தது. எங்கள் சனம் பையை எறிவதில்லை. அதில் சிவப்பு முத்திரை, சீன எழுத்து, அடியில் சைனாடவுன் முகவரி.

"அங்கதான் காய்க்குது," என்றாள் யோசெப்பின்.

வெளிக்கிடும்போது அவள் ஃபிரிட்ஜின் மேலிருந்த பிளாஸ்டிக் பெட்டியைக் கண்டாள். கிழமைக்கு ஏழு அறை, அறைக்குள் குளிசை.

"இது?"

"ஐயாவின்ர," என்றாள் ஜெயமதி. "கால் வீங்கினது. மாரி தொடங்கேக்க டொக்டர் தந்தவர். மூத்திரம் போறதுக்கு. விடிய நான்தான் எடுத்துக் குடுக்கிறனான்."

"மகன் குளிசையே இல்லையெண்டார்?"

ஜெயமதி பெட்டியை வாங்கித் திரும்ப ஃபிரிட்ஜின் மேல் வைத்தாள்.

"நீ இன்னும் என்னவோ மறைக்கிறாய், பிள்ளை."

"சத்தியம் பண்ணிக் குடுத்தனான் அக்கா."

"ஐயா சாகக் கிடக்கிறார். சத்தியம் காத்திருக்கும்."

ஜெயமதி ஐயாவின் அறைப் பக்கம் பார்த்தாள். பிறகு சொன்னாள், "ஐயா அழுறவர். ஒரு காரணமும் இல்லாமல். சோறு போட்டுக்கொண்டு நிப்பன், திரும்பிப் பாத்தால் கண்ணால ஓடிக்கொண்டிருக்கும். சத்தம் வராது. 'பிள்ளைக்குச் சொல்லிப் போடாதை, அவனுக்கு வேலை கூட' எண்டு என்ர கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினவர்."

கிரிக்குக்கூட ஒரு பகிடி வரவில்லை.

டக்சிக்குள் ஏறியதும் வந்துவிட்டது.

"பியர்பொன்ட்ஸில இருந்து சைனாடவுனுக்கு பஸ், பேந்து மெட்ரோ. அந்த வயசில, அந்தக் காலோட! நான் எண்டால் மூலையில இருக்கிற தெப்பனேர்க் கடைக்குப் போறதுக்கே டக்சி பிடிப்பன்."

"நீயே டக்சிதானே."

"அதுதான் சொல்லுறன், நட்டம் இல்லை. அக்கா, ஒண்டு கேக்கட்டோ? வேலையில்லாத நாளில நீங்கள் வீட்டில ஆரோட கதைக்கிறனீங்கள்?"

கோட்-டெ-நெய்ஜில் யோசெப்பினுக்கு ஓர் அறையும், ஒரு யன்னலும், எதிரே இன்னொரு கட்டடத்தின் யன்னல்களும் இருந்தன.

"ரேடியோவோட."

"அது மறுமொழி சொல்லுமோ?"

"உன்னை விட நல்லாச் சொல்லும். ரோட்டைப் பார்."

கடைக்குள் நுழைந்ததும் வேர் மணம். சுவர் முழுக்கச் சின்ன இழுப்பறைகள். கடைக்காரி மதாம் லியாங், அறுபது வயது, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தாள். யோசெப்பின் பிரெஞ்சில் பேசினாள். தியாகலிங்கத்தின் படத்தைக் காட்டியதும் அவள் தலையசைத்தாள்.

"தெரியும். மார்கழியில் வந்தார். முன்பெல்லாம் மனைவியோடு இந்தத் தெருவுக்கு மரக்கறி வாங்க வருவார். அன்று தனியாக வந்தார். அந்த வாங்கில் உட்கார்ந்தார். கண்ணைத் தொட்டுக் காட்டினார், நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்."

"என்ன கொடுத்தீர்கள்?"

அவள் மூன்று இழுப்பறைகளைத் திறந்தாள். கோதுமை. சிவந்து சுருங்கிய இலந்தைப் பழம். தேனில் வறுத்த வேர்ச் சீவல்.

கிரி வேரை மோந்தான். "அக்கா, இது எங்கட அதிமதுரம்!"

"மிகப் பழைய முறை," என்றாள் மதாம் லியாங். "காரணமில்லாமல் அழுகிறவர்களுக்கு. நித்திரை வராதவர்களுக்கு."

"விஷமோ எண்டு கேளுங்கோ அக்கா."

மதாம் லியாங் சிரிக்கவில்லை. "இனிப்பு. குழந்தைகூட முகம் சுளிக்காது. அதுதான் இதில் ஆபத்து. இந்த வேர் அளவு மீறினால் உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கால் வீங்குகிறவர்கள், மூத்திரக் குளிசை போடுகிறவர்கள் தொடக்கூடாது. குளிசையும் அதே வேலையைத்தான் செய்யும். இரண்டும் சேர்ந்தால் இதயம் தாங்காது. அதனால்தான் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன். ஒரு கிழமைக்கு மட்டும் கட்டிக் கொடுத்தேன். திரும்பி வந்து காட்டச் சொன்னேன்."

"வந்தாரா?"

"வரவில்லை."

கிரி உதட்டைப் பிதுக்கினான். "மார்கழியில ஒரு கிழமை. இப்ப மாசி. இந்த ரோட்டு முடிஞ்சுது அக்கா."

"அன்று நிறைய நேரம் இருந்தார்," என்றாள் மதாம் லியாங். "தன் பாஷையில் பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கடையில் வேறு ஆள் இல்லை. ஆகவே நான் மெல்ல மெல்ல நிறுத்துக் கட்டினேன்."

வெளியே டக்சியின் கண்ணாடியை ஒரு பார்க்கிங் அதிகாரி தட்டினார். "போன்ஜூர், போன்ஜூர், மெர்சி, நான் நிக்கேல்லை, போறன்!" என்று இரண்டு பாஷையில் கத்திக்கொண்டு கிரி ஓடினான்.

யோசெப்பின் கதவுப் பிடியில் கை வைத்தவள் திரும்பினாள்.

"கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன் என்றீர்கள். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. குளிசை இருக்கிறதா என்று யாரிடம் கேட்டீர்கள்?"

மதாம் லியாங் சொன்னாள்.

டக்சியில் ஏறியதும் யோசெப்பின் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தாள். தாதியிடம் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: அதிமதுரம், நாள் கணக்காக, கடுமையாக வற்றவைத்தது, மேலே மூத்திரக் குளிசை. மறுபக்கம் "ஆ" என்றது. டொக்டரிடம் உடனே சொல்வதாகச் சொன்னது. இனி எதைக் குடித்தாலும், இலை வேர் என்றாலும், முதலில் மருந்துக்கடையில் கேட்கவேண்டும் என்றது.

போனை வைத்தாள்.

"கிரி, உனக்குத் தெரியாத ஒரு வேரைத் தந்தால் என்ன செய்வாய்?"

"மாமிக்குக் குடுப்பன்."

"பயப்பிடுவாய். சொன்ன அளவுக்கு மேல தொடமாட்டாய். ஆனால் கிழவர் பொட்டலத்தை அவிட்டுப் பாத்திருக்கிறார். கோதுமை தெரியும். இலந்தை தெரியும். அதிமதுரம் தெரியும், தொண்டைக்கு வாயில அடக்கினது. மூண்டும் எங்கட சாமான்! இதுக்கு ஏன் அந்தப் பனியில பஸ் ஏறுவான்?"

கிரி ஸ்டியரிங்கில் தட்டினான். "வீட்டிலயே காய்ச்சலாம். கை அளவுக்கு அள்ளிப் போட்டு!"

"எட்டொன்றாய் வத்தவிட்டு."

"அக்கா, எங்கட ஆக்கள் மருந்தை ஒரு கிழமையில விடுவினமோ? ஒரு மண்டலம் குடிக்காட்டில் அது மருந்தே இல்லை!"

"ஜெயமதிக்கு எடு."

ஸ்பீக்கரில் ஜெயமதி வந்தாள். "ஓம் அக்கா, அதிமதுரம் நான்தான் வாங்கிக் குடுத்தது. கோட்-டெ-நெய்ஜ் தமிழ்க் கடையில. பெரிய பை. பேந்தும் ஒண்டு. இருமலெண்டார். ஐயாவுக்கு இருமல் இல்லையே எண்டு யோசிச்சனான்தான். அக்கா, அப்ப நானோ ஐயாவை—"

"நீயில்லை. ஆஸ்பத்திரிக்கு வா."

"அண்ணை பொலிஸ்—"

"வா எண்டுறன்."

கிரி ஒரு சிக்னல் லைட் வரைக்கும் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினான். அது அவனுக்குப் பெரிய சாதனை. பிறகு, "இதில குற்றவாளி ஆரும் இல்லையே அக்கா? ஏன் உங்கட முகம் இப்பிடி இருக்குது?"

"ரோட்டைப் பார்."

ஆஸ்பத்திரி அறையில் தியாகலிங்கம் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். கண்கள் மூடியிருந்தன. தலைக்கு மேல் இயந்திரம் ஒன்று அவருடைய இதயத்தைப் பச்சைக் கோடாக வரைந்துகொண்டிருந்தது. கோடு இப்போது கொஞ்சம் ஒழுங்காக ஓடியது. கீர்த்திகன் யன்னலடியில் போனோடு நின்றான். ஜெயமதி வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"சொல்லுங்கோ அக்கா. இவள்தானே?"

"இல்லை."

யோசெப்பின் குச்சியையும் ஓர் இலந்தைக் கொட்டையையும் கட்டில் மேசையில் வைத்தாள். சட்டியின் இரண்டு வளையம், கோதுமை தின்ற குருவிகள், சைனாடவுன், அதிமதுரப் பை என்று வரிசையாகச் சொன்னாள். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கீர்த்திகன் கேட்டுக்கொண்டிருந்தான். போன் அதிர்ந்தது. வெட்டினான். மறுபடி அதிர்ந்தது.

"அப்பாவே காய்ச்சினவரோ?"

"ஓம். ஜெயமதி கேட்டதை வாங்கிக் குடுத்தவ. என்னத்துக்கெண்டு அவவுக்குத் தெரியாது. அவதான் அப்பாவைக் கண்டு அம்புலன்ஸுக்கும் அடிச்சவ. இல்லாட்டில் நாங்கள் இப்ப வேற இடத்தில நிண்டு கதைப்பம்."

கீர்த்திகன் வாசல் பக்கம் பார்த்தான். மன்னிப்பு வாய் வரைக்கும் வந்தது போலிருந்தது. ஆனால் வேறொன்று வந்தது.

"அப்ப அந்தச் சீனத்தி! குளிசை போடுற வயசுபோன ஆளுக்கு விசாரிக்காமல் மருந்து குடுக்கிறதோ? அவவில வழக்குப் போடுறன்! ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். ஒரேயொரு கேள்வி!"

"கேட்டவ."

"ஆரிட்டக் கேட்டவ? அப்பாக்குத்தான் பாஷை தெரியாதே!"

"அப்பாவுக்கும் அவ கேக்கிறது விளங்கேல்லை. அதால போனை எடுத்து ஒரு நம்பர் அடிச்சு அவவின்ர கையில குடுத்தவர். அவ பிரெஞ்சில கேட்டவ. இவருக்கு வேற வருத்தம் இருக்கோ, ஏதாவது குளிசை போடுறாரோ எண்டு." யோசெப்பின் குரலைத் தாழ்த்தினாள். "அங்கால இருந்த ஆம்பிளைக் குரல் சொல்லிச்சாம், ஒண்டுமில்லை, அவர் சுகமாய்த்தான் இருக்கிறார், குளிசை ஒண்டும் இல்லை, மன்னிக்கோணும், நான் மீட்டிங்கில நிக்கிறன் எண்டு."

கீர்த்திகனின் முகத்தில் ஒவ்வொன்றாக விளக்குகள் அணைந்தன.

"அது... தேத்தண்ணிக் கடை எண்டு நினைச்சன். அப்பா ஏதோ தேயிலை வாங்குறார் எண்டு. மார்கழி... வருச முடிவுக் கணக்கு. பதினஞ்சு பேர் லைனில."

"இண்டைக்கு விடியவும் அதைத்தான் சொன்னீங்கள். ஒரு குளிசையும் போடாத மனிசன் எண்டு. பெட்டி ஃபிரிட்ஜுக்கு மேல இருக்குது."

"எனக்கு ஆரும் சொல்லேல்லை."

"கர்க்லாண்டில இருந்து பியர்பொன்ட்ஸுக்கு எவ்வளவு தூரம், கிரி?"

"ரெண்டு சிக்னல் லைட்," என்றான் கிரி. அது பகிடியாக வரவில்லை.

கீர்த்திகன் கதிரையில் அமர்ந்தான். போனைக் கவிழ்த்து மடியில் வைத்தான். யாரையும் பாராமல் கேட்டான்.

"என்ன வருத்தத்துக்கு அந்த மருந்து?"

யோசெப்பின் ஜெயமதியைப் பார்த்தாள். ஜெயமதி நிலத்தைப் பார்த்தாள். சத்தியம் பண்ணியவள் அவள், யோசெப்பின் பண்ணவில்லை. என்றாலும் அதைச் சொல்ல வேண்டிய வாய் தன்னுடையதல்ல என்று அவளுக்குப் பட்டது. குளிர்ச்சட்டையை எடுத்துக்கொண்டாள். கிரி அவளுக்குக் கதவைப் பிடித்தான்.

கட்டிலில் போர்வை அசைந்தது. தியாகலிங்கம் மெல்ல இந்தப் பக்கம் திரும்பினார். கண்கள் திறந்திருந்தன. முதலில் மேசையிலிருந்த குச்சியைப் பார்த்தார், பிறகு கொட்டையை, பிறகு மகனின் மடியை. அங்கே போன் மறுபடி அதிரத் தொடங்கியிருந்தது.

"தம்பி," என்றார். "இண்டைக்கும் மீட்டிங்கோ?"